கண்ணாடிக்குள் ஜாக்கெட்

ரத்தக்கறையோடு அந்தக் கறுப்பு ஜாக்கெட் கண்ணாடிச் சட்டத்துக்குள் கூடத்துச் சுவரில் தொங்கியது. மோட்டோகிராஸ் என்னும் மண்மேட்டு பைக் பந்தயத்தில் ஓட்டும் மற்ற வீரர்கள் வீட்டில் அந்த இடத்தில் ஜெயித்த ஜெர்சி மாட்டியிருக்கும். அதைப் பார்த்ததும் நோலனுக்கு, வந்த வழியே காரைத் திருப்பிக்கொண்டு தன் ஊரான ரிவர்சைடுக்கே போய்விடலாமா என்று இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் மரிசோல், மூன்று மாதக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி. "சட்டம் போடுறவன் துவைச்சுத் தரேன்னான். கறை இருக்கட்டும், அதுதான் வேணும்னுட்டேன்."

"எதுக்கு மரிசோல் இதெல்லாம்?"

"எதுக்கா? பிராடி நினைவே இல்லாம கிடக்குறான், சுத்தி இருக்குறவன் எல்லாம் கேமராவைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான். நீங்க ஒருத்தர்தானே ஓடுனீங்க."

சட்டத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் புகைப்படமும் இருந்தது. மண்மேட்டின் அடியில் அவள் கணவன் பிராடி பைக்கிலிருந்து விழுந்து கிடக்கிறான், ஹெல்மெட் கண்ணாடி முழுக்கச் சேறு. நோலன் மண்டியிட்டு, தன் ஜாக்கெட்டால் அவன் ஹெல்மெட்டைப் போர்த்திக்கொண்டிருக்கிறான். விழுந்தவனை வேடிக்கைப் பொருளாக்க விடாத மனிதர் என்று பத்திரிகைகள் அவனைக் கொண்டாடித் தீர்த்துவிட்டன.

"பாருங்களேன், பதட்டத்துல ஜாக்கெட்டோட உள்பக்கம் வெளிய இருக்கு. அதனாலதான் நானும் அப்படியே மாட்டச் சொன்னேன். கை எப்படி நடுங்கியிருக்கும் உங்களுக்கு."

நோலன் தலையை ஆட்டி வைத்தான். வேறென்ன செய்வான்.

ஆரஞ்சுப் பல்லி படம் போட்ட ஒரு எனர்ஜி ட்ரிங்க் கம்பெனியில் அவனுக்கு வேலை. அவர்கள் பணம் கொடுத்து ஓட்டவைக்கும் வீரர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிராடி ஹெல்மெட்டைக் கழற்றினால் அடுத்த நொடி பல்லித் தொப்பி தலையில் ஏறியிருக்க வேண்டும். மேடையில் அவன் குடிப்பது பச்சைத் தண்ணீர்தான், ஆனால் அதையும் பல்லி டப்பாவில்தான் குடிக்க வேண்டும். அந்தப் பல்லி எங்கே தெரிய வேண்டும், எங்கே தெரியக் கூடாது என்று பார்ப்பதற்குத்தான் நோலனுக்குச் சம்பளம்.

"ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கு ஞானஸ்நானம்," என்றாள் மரிசோல். "நீங்கதான் ஞானத்தகப்பன். எங்க அம்மா வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. இனிமே உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், கொம்பாத்ரேன்னுதான் கூப்பிடுவேன். பிள்ளையோட ஞானத்தகப்பனை அப்படிக் கூப்பிடுறது எங்க வழக்கம்."

குழந்தையை அவன் கையில் திணித்துவிட்டு, இறைச்சி கருகுகிறது என்று கொல்லைப்பக்கம் ஓடினாள். குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டது.

பிராடி சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். "என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? டயபர் மாத்தச் சொல்லவே இல்லையே இன்னும்."

"பிராடி, இந்த ஞானத்தகப்பன் எல்லாம் என்னால முடியாதுப்பா."

"ஏன், என்ன வந்துச்சு?"

"நீ விழுந்த அன்னிக்குக் காலையில மணிக்கட்டு வீங்கியிருக்கு, இன்னிக்கு வேணாம்னு சொன்ன. கம்பெனிப் பெரியவங்க வந்திருக்காங்க, ஓட்டித்தான் ஆகணும்னு நான்தான் உன் உயிரை எடுத்தேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் சர்ச்சுல போய் நிக்கிறது?"

சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மாதக்கணக்காகத் தொண்டையில் சிக்கிக் கிடந்ததில் பாதி இறங்கிய மாதிரி இருந்தது.

பிராடி சிரித்தான். "அட, அதுவா? நீ சொல்லாட்டியும் ஓட்டியிருப்பேன். விழுறதும் சேர்த்துத்தான் இந்தப் பொழப்பு. அதுக்குப் போய் உன்னைக் குத்தம் சொன்னா நான் மனுஷனே இல்ல."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமாத்தான்."

நோலன் பெருமூச்சு விட்டான். "அப்ப மரிசோல்கிட்ட சரின்னு சொல்லிடவா?"

பிராடி எட்டி, குழந்தையின் காலிலிருந்து நழுவிய காலுறையை இழுத்துவிட்டான். கொல்லையில் மரிசோல் யாருடனோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது.

"உன் ஜாக்கெட் முதுகுல ஒரு பல்லி. என் ஹெல்மெட்ல ஒரு பல்லி," என்றான், குரலை உயர்த்தாமல். "ஓடி வந்ததும் ஜாக்கெட்டைக் கழட்டுன. நிதானமா அதோட ரெண்டு கையையும் உள்ள இழுத்து, உன் பல்லி தெரியாத மாதிரி திருப்புன. அப்புறம் என் பல்லியை மூடுன. கேமராவைத் திரும்பிப் பார்த்து, பல்லி எதுவும் தெரியலைன்னு ஆனதுக்கு அப்புறம்தான் டாக்டரைக் கூப்பிட்ட. மரிசோலுக்கு இது தெரியாது. இப்ப நீயே சொல்லு, பாப்பாவை உன்னை நம்பிக் குடுக்கலாமா?"

நோலன் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"யாரு... யாரு சொன்னா உனக்கு? நீதான் மயக்கமா கிடந்தியே."

"முழிச்சுக்கிட்டுதான் கிடந்தேன், நோலன்."