வண்டு துளைத்த விளிம்பு

சன்னல் வெயில் பட்டறை மேசையில் சாய்ந்து கிடக்கிறது. அதன் நடுவே அண்ணி கடைந்து முடித்த மரக்கிண்ணம். விளிம்பைச் சீவாமல் மரப்பட்டையோடு அப்படியே விட்டிருக்கிறாள். அது மேடும் பள்ளமுமாக வளைந்து ஓடுகிறது. மேலே என்ன பூசுவது என்று மூன்று நாளாக அவளுக்கு மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. ஒருமுறை பூசிவிட்டால், குடித்ததை மரம் திருப்பித் தராது. கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கொழுந்தன் வார்னிஷ் டப்பாவும் பட்டி டப்பாவுமாக வந்து நிற்கிறான். விளிம்பில் வண்டு போட்ட ஓட்டைதான் முதலில் அவன் கண்ணில் படுகிறது. "இதுல கொஞ்சம் பட்டி வச்சு அடைச்சு, மேல வார்னிஷ் அடிச்சா கண்ணாடியாட்டம் இருக்கும் அண்ணி." அவள் ஓட்டைக்குள் ஊதித் தூளை விரட்டுகிறாள். பிறகு கட்டைவிரலைப் பக்கத்துக் குவளைத் தண்ணீரில் நனைத்து, கிண்ணத்தின் அடியிலிருந்து விளிம்புவரை ஒரு கோடு இழுக்கிறாள். "எண்ணெய் வச்சா இப்படி வரும்." வெளிறிக் கிடந்த மரம் விரல் போன வழியெல்லாம் விழித்துக்கொள்கிறது. தேன் நிறத்தில் ரேகைகள். ஓட்டையைச் சுற்றி மட்டும் கரும்பழுப்பு, கண்ணுக்கு மை தீட்டியதுபோல. கொழுந்தன் குனிந்து பார்க்கிறான். "இருபது வருஷமா நான் மறைக்கத்தான் அடிச்சிருக்கேன் அண்ணி." சொல்லி முடிப்பதற்குள் கோடு காய்ந்து போகிறது. அவனுக்குப் பொறுக்கவில்லை. பட்டி டப்பாவைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளுகிறான். நகக்கண்ணில் நேற்றைய சிவப்புப் பெயின்ட். கட்டைவிரலைச் சட்டையில் அழுந்தத் துடைத்துவிட்டுத் தண்ணீரை நோக்கி நீட்டுகிறான். "இன்னொரு தடவை பாக்கட்டுமா?" "தண்ணிய விடு," என்று அண்ணி எண்ணெய்க் குப்பியைத் திறந்து அவன் பக்கம் நகர்த்துகிறாள். "ஓட்டைகிட்டருந்து ஆரம்பி."