இருபத்தொன்பது அங்குலம்

"சங்கிலிபூதத்தான் செத்துட்டான்னு உம்ம கேபிள்ல ஓடிச்சே, நெசந்தானாவே?"

சிவசண்முகம் திரும்பிப் பார்த்தார். கேபிள் அறை வாசலில் தோளில் துண்டோடு ஒருவர் நின்றிருந்தார். பேட்டையே ஐப்பசி மழையில் ஊறிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டு மட்டும் நனையவில்லை.

"ஆமா அண்ணாச்சி" என்றார் சிவசண்முகம். பொய் சொல்லிப் பழகாத வாய்.

சங்கிலிபூதத்தான் உயிரோடுதான் இருந்தான். நேற்று பட்டறையில் இரும்பு இறக்கும்போது காக்கா அவன் தலையில் அடித்துவிட்டது. காக்கா அடித்தவனைச் சாவு தேடி வரும் என்பார்கள். செத்துவிட்டான் என்று சொல்லி நாலு சொந்தக்காரர்களை அழவைத்தால், வந்த சாவு ஏமாந்து திரும்பிவிடுமாம். முன்பெல்லாம் இதற்குத் தபால் கார்டு எழுதிப் போடுவார்கள். இப்போதுதான் கேபிள் இருக்கிறதே. அவன் பெண்டாட்டி ஆவுடைத்தாய் காலையிலேயே வந்துவிட்டாள்.

"விடியுத வரைக்கும் உண்மை வெளிய வந்திரக் கூடாது அண்ணாச்சி. என் தாலி உங்க கையிலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"எப்படிச் செத்தான்?" என்று கேட்டார் வந்தவர்.

"நெஞ்சு வலி."

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

வந்தவர் பெருமூச்சு விட்டார். "அப்ப அங்கன போயி என்ன செய்ய? வெட்டி அலைச்சல். பாபநாசத்துல இருந்து நடந்து வாரேன்."

"நடந்தா? பஸ்சு ஓடலையா?"

"ஓடுது. நான் ஏறுனா மத்தவங்களுக்குத்தான் கஷ்டம்."

என்ன நோயோ, பாவம் என்று நினைத்துக்கொண்டார் சிவசண்முகம். வந்தவர் படியிறங்கப் போனவர், அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்வை சிவசண்முகத்தின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

கம்ப்யூட்டரோடு வந்த சின்ன மானிட்டர் போன மாதம் புகைந்துபோனது. அதனால் சிவசண்முகம் வீட்டிலிருந்த இருபத்தொன்பது அங்குல டிவியைத் தூக்கிவந்து கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தார். ஊரார் வீட்டு டிவிகளில் இப்போது சினிமா ஓடிக்கொண்டிருந்தது. நாளைக் காலையில் போடவேண்டிய அறிவிப்பை மட்டும் இதில் அடித்து வைத்திருந்தார். சின்ன மானிட்டரென்றால் அவர் முதுகே மறைத்திருக்கும். இதில் ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம்.

'சங்கிலிபூதத்தான் நலமாக இருக்கிறார். துக்கத்துக்கு யாரும் வரவேண்டாம்.'

"அது என்னவே?"

சிவசண்முகம் பதறிப்போய் இரண்டு கையையும் விரித்து டிவிக்கு முன்னால் நின்றார். ஒரு பக்கம் 'சங்கிலி' தெரிந்தது, மறுபக்கம் 'வேண்டாம்' தெரிந்தது.

"மறைக்காதிரும். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

இத்தனை தூரம் மழையில் நடந்து வந்த மனுஷனிடம் அதற்குமேல் பொய் சொல்ல சிவசண்முகத்துக்கு மனசு வரவில்லை.

"காக்கா தோஷம் அண்ணாச்சி. பொய்ச் சாவு. ஆளு வீட்டுல குத்துக்கல்லு மாதிரி இருக்கான். யார்ட்டயும் சொல்லிராதிய. ஆவுடைத்தாய்க்குத் தெரிஞ்சா என்னை உசுரோட விடமாட்டா."

"நான் யார்ட்டயும் பேசுத ஆளில்ல." வந்தவர் முதல்முறையாகச் சிரித்தார். "நல்ல பெரிய டிவிவே. சின்னதா இருந்திருந்தா இன்னைக்கு ஒரு தப்பு நடந்திருக்கும்."

சிவசண்முகத்துக்கும் பாரம் இறங்கியதுபோல இருந்தது. "இருங்க, டீ சொல்லுதேன். ஆமா, நீங்க அவனுக்கு என்ன முறை வேணும்?"

வந்தவர் அதற்குள் மழையில் இறங்கி, சங்கிலிபூதத்தான் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தார்.

"முறையெல்லாம் ஒண்ணுமில்லவே. அவனைக் கூட்டிட்டுப் போவத்தான் வந்தேன். எதுத்த டீக்கடை டிவியில பாத்துட்டு, எனக்கு முந்தி வேற எவனும் வந்து கூட்டிட்டுப் போயிட்டானோன்னு நெனச்சேன்."