தோட்டப் பராமரிப்பு

கட்டை அவிழ்த்ததும் பூச்சி மருந்தும் எலிப் புழுக்கையும் கலந்த வாடை குப்பென்று அடித்தது. கோப்பின் மேலட்டையில் ‘தோட்டப் பராமரிப்பு’ என்று எழுதியிருந்தது.

டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முதல் தாளைப் புரட்டினாள்.

போர்க்காலத்தில் துறைமுகத்தில் குண்டுப் பெட்டி சுமக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்ட கூலிகளைப் பட்டாளத்தார் லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. அவர்களில் ஒருவர் டீச்சருடைய அம்மாவின் அப்பா. அம்மா அப்போது பிறந்திருக்கவே இல்லை.

அப்பாவை எங்கே புதைத்தார்கள் என்று தெரியாமல் கண்ணை மூட மாட்டேன் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். அதற்காகத்தான் டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு இந்த ஆவணக் காப்பகமே கதியென்று கிடக்கிறாள்.

அம்மாவும் கூடவே கிளம்பிவிடுவாள். அனுமதிச் சீட்டு இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை. பகல் முழுக்க வெளியே வாசலுக்கு எதிரே உள்ள புல்தரையில் டிபன் கேரியரோடு காத்திருப்பாள். மதியம் இருவரும் அங்கேயே சாப்பிடுவார்கள்.

போலீஸ் கோப்பு, சிறைக் கோப்பு, பட்டாளத்துக் கோப்பு எல்லாவற்றிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியாயிற்று. பாவிகள் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

நேற்றுதான் அவளுக்குப் பொறி தட்டியது. அத்தனை பேரைப் புதைத்தவர்கள் பிணவாடையை அடக்கச் சுண்ணாம்பு வாங்காமலா இருந்திருப்பார்கள்?

அட்டவணையில் சுண்ணாம்பு என்று தேடினாள். இந்தக் கோப்பு வந்தது.

முதல் தாள் அப்போது இங்கே அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரத் துரை எழுதிய கடிதம். கொன்றதைப் பற்றி மூச்சு விடவில்லை. பட்டாளத்துக்காரர்கள் அவசரத்தில் தன் பங்களா மதிலுக்குள்ளேயே குழி வெட்டித் துறைமுகக் கூலிகளைப் போட்டு மூடிவிட்டார்களாம். அந்த நாற்றத்தில் அவருடைய மனைவியால் மாலையில் வராந்தாவில் உட்கார்ந்து தேநீர் குடிக்க முடியவில்லையாம். சுண்ணாம்பும் உயர்ந்த ரகப் புல் விதையும் உடனே அனுப்ப வேண்டுமாம்.

டீச்சர் அந்தத் தாளைத் தள்ளி வைத்தாள். தூ, இதெல்லாம் ஒரு ஜென்மம்!

அடுத்தது மழைக்காலம் முடிந்து எழுதிய நன்றிக் கடிதம். இவ்வளவு செழிப்பான புல்லை வேறெங்கும் கண்டதில்லை என்று பீற்றிக்கொண்டிருந்தார். உரம் அப்படி என்று கூசாமல் ஒரு வேடிக்கை வேறு. அந்த வரிக்குப் பக்கத்தில் மேலதிகாரி சிவப்பு மையில் ‘பிரமாதம்’ என்று எழுதியிருந்தார்.

கடைசித் தாளில் தோட்டத்தின் வரைபடம். குழி இருந்த இடத்துக்குப் பச்சை வண்ணம் தீட்டியிருந்தார்கள். எதிரே தூண் வைத்த வராந்தா. அதற்கு ஏற இரண்டு பக்கமும் வளைந்த படிக்கட்டு.

அந்தப் படிக்கட்டில் ஏறித்தான் டீச்சர் தினமும் உள்ளே வருகிறாள்.

வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். மதியம் தின்றதெல்லாம் வெளியே வந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியபோது அம்மா கன்னத்தைப் புல்லில் வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“கெடச்சுதா?” என்று வழக்கம்போல் கேட்டாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் தட்டிக் காட்டினாள். “சரி, விடு. இப்படி வந்து உக்காரு. புல்லு நல்லா மெத்துனு இருக்கு.”

டீச்சர் ஓரத்திலேயே நின்று செருப்பைக் கழற்றினாள். அப்போதும் காலை எடுத்து வைக்க முடியவில்லை.