விழுந்துகொண்டே இருக்கும் வீரன்

ஒசாகாவின் அந்த மூன்றாம் மாடி அறையில் அக்டோபர் வெயில் சாய்ந்து விழுகிறது. திரையில் குட்டி வாள்வீரன் பாலத்தில் கால் வைக்கிறான். பாலம் அவனைத் தாங்காமல் கீழே விடுகிறது. விழுகிறான், விழுந்துகொண்டே இருக்கிறான், 'ட்விய்' என்ற சத்தமும் ஓயவில்லை. அந்த வீடியோ விளையாட்டை எழுதிய கயானோ, அதன் மூலப்பிரதி அடங்கிய சில்லுப் பெட்டியை மார்போடு அணைத்தபடி நிற்கிறான். வாசலில் கூரியர்காரர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கடிகாரத்தைப் பார்க்கிறார். தெருவில் அவருடைய பைக் உறுமிக்கொண்டிருக்கிறது. "குடுப்பா, டிவில விளம்பரமே வந்தாச்சு," என்கிறார் முதலாளி ஷிமோதைரா. "பாலத்துல ஓட்டை இருக்கு, முதலாளி. ஃபேக்டரில கேசட்டை லட்சக்கணக்குல அடிச்சுட்டா அப்புறம் திருத்தவே முடியாது. ஒரு வாரம் குடுங்க." "ஓட்டையா? ரகசிய வழின்னு சொல்லிக்கலாம். பசங்களுக்கு அதான் புடிக்கும்."

அறையிலிருக்கும் ஊழியர்களில் யாரோ சிரிக்கிறார்கள். கயானோ பெட்டியை இன்னும் இறுக்குகிறான். அதன் மூலை விரலில் அழுந்துகிறது. முதலாளி அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு அறையின் நடுவே வந்து கைகளை அகல விரிக்கிறார். வேலை முடிந்தால் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு முறை கைதட்டுவது வழக்கம். நாற்காலிகள் கிறீச்சிட, எல்லோரும் எழுகிறார்கள். "இயோ...ஓ!" என்று கைதட்டலுக்கு அழைக்கும் அவர் குரல் எழுகிறது. பழகிய கைகள் யாரையும் கேட்பதில்லை. கயானோவின் கைகள் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு விரிகின்றன. பட்டென்று ஒரே சத்தம். அது அடங்கும்போது மேசை வெறுமையாக இருக்கிறது. கூரியர்காரரின் பூட்ஸ் காலடிகள் தடதடவென்று படியிறங்குகின்றன. கயானோவின் உள்ளங்கைகள் எரிகின்றன. எல்லோரையும்விட அவன்தான் பலமாகத் தட்டியிருக்கிறான்.