ஐந்தாவது மன்னிப்பு

“இருங்கம்மா. தப்பு உங்களோடதுன்னா, காலைல எட்டு மணிக்கு எனக்கு போன் பண்ணி அழுதவர் யாரு?”

மெத்தைக் கம்பெனி மேனேஜர் இப்படிக் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அழக்கூடிய ஆள் என்று பார்த்தால், அவள் வேலை பார்க்கும் விளம்பர ஏஜென்சியில் படம் வரைகிறவர் ஒருவர்தான் உண்டு.

இன்றைய பேப்பரில் முழுப்பக்க மெத்தை விளம்பரம். வாசகம் அவள் எழுதியது. அடியில், கம்பெனி நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் அவளுடைய செல்போன் நம்பர்.

மாதிரிக்குப் போட்டு வைத்திருந்தாள். மாற்ற மறந்துபோனாள்.

விடிந்ததிலிருந்து ஊரே அவளிடம் மெத்தை கேட்கிறது. இரண்டு பேருக்கு விலையும் சொல்லிவிட்டாள்.

ஏஜென்சிக்கு இருக்கிற ஒரே பெரிய வாடிக்கையாளர் இந்த மெத்தைக் கம்பெனிதான். இவர்கள் கைவிட்டால் ஐந்து பேர் கொண்ட ஏஜென்சிக்குப் பூட்டுதான். அதனால்தான் மாடிப்படிக்கு வந்து, மூன்று தடவை மனப்பாடம் செய்துகொண்டு, தானே பழியை ஏற்க போன் போட்டாள்.

“அவருக்குக் கண்ணு மங்கலாம், நம்பர் சரியாத் தெரியலையாம். அவர் போனை வச்சதும் உங்க பாஸ் கூப்பிட்டார். பார்க்காமலே அச்சுக்கு அனுப்பினது அவராம். அப்புறம் கணக்குப் பார்க்கிறவர். நீங்க வேலை செய்றப்ப ஓயாம பேச்சுக் கொடுத்தாராம்.”

“சார், அவங்க சொல்றதெல்லாம்…”

“டீ போடுற அக்காவும் பேசினாங்க. டீயைத் தண்ணியாப் போட்டுட்டாங்களாம். அதுல உங்களுக்குத் தூக்கமே தெளியலையாம்.”

அவள் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். நான்கு பேரும் தலைபோகிற மும்முரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ போடும் அக்கா கூட ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படபடவென்று தட்டிக்கொண்டிருந்தார்.

“சத்தியமா நான்தான் சார். அது என் நம்பர்.”

இதோ சொல்லப்போகிறார், இனி உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம். குரல் பாதியாக இறங்கியது.

“கடைசி புரூஃபைப் பார்த்து, சரின்னு கையெழுத்துப் போட்டது நான்தாம்மா. பதினொரு மணிக்கு எங்க முதலாளி கூப்பிட்டிருக்காரு. எங்க ஆபீஸ்ல நூத்திப் பத்து பேர். காலைலேருந்து ஒருத்தரும் என் ரூம் பக்கம் எட்டிப் பார்க்கல.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“உங்க ஆபீஸ்ல இன்னும் யாராவது மிச்சம் இருந்தா, எனக்காக எங்க முதலாளிக்கும் ஒரு போன் போடச் சொல்லுங்களேன்?”