சுத்தமான ஆட்டு எழுத்து

ஒரு பெண்ணாட்டின் உடம்பில், ஒரு செல்லுக்குள், பெரிய மரபணுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துச் சீட்டு எழுதித் தருவதுதான் அங்கிருந்த நொதியின் வேலை. ஒருநாள் உள்ளே புகுந்த வைரஸ் ஒன்று, தான் கொண்டுவந்த சீட்டைப் பார்த்துப் புதுப் பக்கம் ஒன்றை எழுதி, அந்தப் புத்தகத்தின் நடுவில் ஒட்டிவிட்டு, அதற்கும் சீட்டு எழுதித் தரச் சொன்னது.

நொதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“புத்தகத்தைப் பார்த்துச் சீட்டு எழுதுவாங்க. சீட்டைப் பார்த்துப் புத்தகம் எழுதுற கூத்தை எங்கய்யா கத்துக்கிட்ட?”

“எங்க குடும்பத்துல எல்லாருமே அப்படித்தாண்ணே.”

“முதல் வரியும் கடைசி வரியும் ஒண்ணா இருக்கு. இதெல்லாம் ஒரு எழுத்தா!”

“அது எங்க குடும்ப அடையாளம்ணே.”

நொதி அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தது. அது அசையவே இல்லை. எரிச்சலோடு புத்தகத்தைப் புரட்டி, மிகப் பழைய பக்கம் ஒன்றைத் தட்டிக் காட்டியது.

“பக்கம்னா இது பக்கம்! குட்டி தாய் வயித்துல தங்குறதே இதாலதான். சுத்தமான ஆட்டு எழுத்து. வாசிச்சுப் பாரு!”

வைரஸ் சத்தமாக வாசித்தது. முதல் வரியும் கடைசி வரியும் ஒன்றாக இருந்தன.

நொதி குனிந்து இன்னொரு தரம் வாசித்தது. பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “உனக்கு எத்தனை சீட்டு வேணும்? சொல்லித் தொலை,” என்றது.