பாஸ்க் நாட்டு வழக்கம்

"மேடம், நீங்க கிச்சனுக்குள்ள வரக்கூடாது!"

அடுப்படி வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வழிமறித்தார் ரஃபாயேல். அருள்முருகனின் மேனேஜர், ஸ்பெயின்காரர். இடுப்பில் அருள்முருகனின் பூத்துண்டு.

"இது பாஸ்க் நாட்டு வழக்கம்" என்றார் இங்கிலீஷில். "எங்க பக்கம் இதுக்குன்னே கிளப் இருக்கு. ஆம்பளைங்கதான் சமைப்பாங்க. பொம்பளைங்க அடுப்படிக்குள்ள காலெடுத்து வைக்கக்கூடாது. உக்காந்து சாப்பிடணும், அவ்வளவுதான்."

உள்ளே கண்ணிலிருந்து நீர் வழிய வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான் அருள்முருகன்.

அவன் மனைவி கனகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் இதே கூத்து.

கனகா கிளினிக்கில் நர்ஸ். வாரமெல்லாம் நின்ற காலோடு டூட்டி பார்த்துவிட்டு வந்தால், வளைகுடா நாட்டில், குதைபியா ஏரியாவின் இந்தச் சின்ன ஃபிளாட்டில் இரண்டாவது டூட்டி. முன்பெல்லாம் அருள்முருகன் கூடமாட ஒத்தாசை செய்வான். ஊரிலிருந்து அவன் அம்மா சரசு விசிட் விசாவில் வந்து இறங்கியதும் அதுவும் போயிற்று.

வந்த புதிதில் ஒருநாள் மகன் அரிசி களைவதை அத்தை பார்த்துவிட்டாள்.

"ஏப்பா, கட்டினவ குத்துக்கல்லாட்டம் இருக்கையில நீ எதுக்கு இதையெல்லாம் தொடுற?"

கேட்டது மகனை, பார்த்தது மருமகளை. அன்றைக்குக் கனகா பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் அருள்முருகன் அடுப்படிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது மட்டும் வெங்காயம் உரிக்க வருகிறதாம்! பொண்டாட்டி இடுப்பொடிந்து நின்றால் வராத ஆள், மேனேஜர் விரலைச் சொடுக்கினால் வருகிறார். எல்லாம் பிரமோஷன் பண்ணுகிற வேலை என்று பல்லைக் கடித்தாள்.

அத்தைக்கோ ஏகக் குஷி. ஊரில் தங்கைக்கு போன் போட்டு விட்டாள்.

"ஆமாடி, துரையே கரண்டி புடிக்கிறாரு! பெரிய ஆபீசர் சொல்லும்போது நம்ம புள்ள மாட்டேன்னு சொல்ல முடியுமா? எங்கள உக்கார வச்சுச் சோறு போடுறாங்கடி!"

அடுப்படியில் டமடமவென்று சத்தம். ரஃபாயேல் காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். "எங்க திருவிழாவுல ஆம்பளைங்க சமையல்காரன் வேஷம் போட்டுக்கிட்டு நாள் பூரா பீப்பாய் அடிப்போம்!"

பாஸ்க் நாட்டில் பாறை தூக்கும் போட்டியும் உண்டாம். கேஸ் சிலிண்டரைத் தூக்கிக் காட்டப் போனவர், பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யய்யோ துரை, பாத்து!" அத்தை பதறிக்கொண்டே சிரித்தாள்.

சாப்பாடு வந்தது. சூரை மீனும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு. மர்மிதாகோ என்று பெயராம். நாக்குக்கு உறைக்கட்டும் என்று அருள்முருகன் பச்சை மிளகாயைக் கீறிப் போட்டிருந்தான்.

"கனகா, இன்னும் ரெண்டு துண்டு மீன் வைக்கவா?"

"உங்க மேனேஜருக்கு வைங்க" என்றாள் கனகா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவன் மீனை அவள் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். குழம்பு ருசியாகத்தான் இருந்தது. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சல்.

ரஃபாயேல் கிளம்பிப் போன பிறகு பார்த்தால், சோபாவில் அவருடைய கார் சாவி. கனகா எடுத்துக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினாள். சாவியைக் கொடுத்தவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பிரமோஷன் போனால் போகட்டும்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நான் கஷ்டப்படும்போது எட்டிப் பாக்காத மனுஷன், நீங்க சொன்னா செய்றாரு. அதப் பாக்கப் பாக்க எனக்கு வலிக்குது. உங்க ஊர் வழக்கத்த உங்க ஊரோட வச்சுக்கங்க. அடுத்த வாரம் வராதீங்க."

ரஃபாயேலின் முகம் தொங்கிப்போனது. ஃபிளாட் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க ஊர் வழக்கமா? மேடம், நான் ஸ்பெயின்ல தெற்கே செவில் ஊர்க்காரன். பாஸ்க் நாடு வடக்கு மூலையில இருக்கு, நான் போனதே கிடையாது. எங்க வீட்டுல நான் கரண்டியத் தொட்டா எங்கம்மா உங்க மாமியாருக்கு மேல கத்துவாங்க."

"அப்புறம் எதுக்கு சார் இந்த வேஷம்?"

"உங்க வீட்டுக்காரன் கெஞ்சினான். 'நான் சமைச்சா எங்கம்மாகிட்ட அவதான் பேச்சு வாங்குறா. மேனேஜர் சொல்லிச் செஞ்சா அம்மா வாயத் திறக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமையாவது அவள உக்கார வைக்கணும். உங்க நாட்டுல ஆம்பள சமைக்கிற ஊர் எதாச்சும் இருக்கா?'ன்னு கேட்டான். எனக்கு என்ன தெரியும்? அவனே ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தேடிக் கண்டுபிடிச்சான். பீப்பாய், பாறை எல்லாத்தையும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி என்னை மனப்பாடம் பண்ண வச்சுட்டான்."

கனகாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. இரண்டில் எதை அடக்குவது என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லிஃப்ட் வந்தது. உள்ளே போன ரஃபாயேல், கதவு மூடப் போகும் நேரத்தில் தலையை நீட்டினார்.

"மாமியார்கிட்ட சொல்லிடாதீங்க மேடம். இப்ப அவன், ஆம்பளைங்க துணி துவைக்கிற ஊர் எங்க இருக்குன்னு தேடிக்கிட்டிருக்கான்!"